'சாரி' என்ற சொல்லுக்குள் இருக்கும் வலி

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குத் திரும்பினேன். அன்று காலை வந்த முதல் அழைப்பு, இங்கிலாந்தில் இருக்கும் சக ஊழியர் ஒருவரிடமிருந்து. போனை எடுத்ததும் நேரே வேலைப் பேச்சுக்குப் போகிற பெண்மணி அவர். அன்று மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐ ஆம் ஸோ சாரி" என்றார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன்: "நோ நோ, இட்ஸ் ஓகே. இட் இஸ் நாட் யுவர் மிஸ்டேக்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம் அவரே பேச்சை மாற்றினார்.

பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படித்தவன் நான். 'சாரி' என்றால் 'மன்னிக்கவும்' என்று இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்டதில்லை. ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார் என்றால், அவர்மேல் தப்பில்லை என்று சொல்வதுதானே மரியாதை? அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பெண்மணி மன்னிப்பே கேட்கவில்லை, தனக்கும் வலிக்கிறது என்று சொன்னார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அதனால்தான் இந்தச் சொல்லை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று தோன்றியது. தினமும் பத்து முறை சொல்கிற சொல், அதன் பாதிப் பொருள்தான் நம் கையில் இருக்கிறது.

முதலில் வேர். ஆங்கிலத்தில் 'சோர்' என்றொரு சொல் உண்டு. புண், ரணம், வலி என்று பொருள். தொண்டை கரகரத்து வலித்தால் 'சோர் த்ரோட்' என்கிறோமே, அதே சோர். அந்தச் சோரிலிருந்து பிறந்ததுதான் சாரி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வலிக்கு 'ஸார்' என்று நெடிலோடு சொன்னார்கள். அதோடு ஒரு விகுதி சேர்த்து, வலி உள்ளவன், மனம் நொந்தவன் என்ற பொருளில் 'ஸாரிக்' என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். எழுத்தில்தான் கடைசியில் 'க்'. உச்சரிப்பில் அது 'ய்' போல மெல்லக் கரைந்துவிடும், 'ஸாரிய்' என்று. அதாவது ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலேயரின் உச்சரிப்பும், இன்று சென்னைப் பேருந்தில் காலை மிதித்தவர் சொல்கிற 'சாரி'யும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு இது மிகவும் பிடித்த தற்செயல்.

இடையில் என்ன நடந்தது என்றால், பழைய ஆங்கிலத்தின் 'ஆ' பல சொற்களில் 'ஓ' ஆனது. கல்லுக்கு 'ஸ்டான்' என்றிருந்தது 'ஸ்டோன்' ஆனது. வீட்டுக்கு 'ஹாம்' என்றிருந்தது 'ஹோம்' ஆனது. அதே வழியில் 'ஸார்' என்பது 'சோர்' ஆனது. 'ஸாரிய்' என்பதும் 'ஓ' பக்கம் நகர்ந்து, பிறகு அந்த நெடில் குறுகி, இன்றைய பிரிட்டிஷ் உச்சரிப்பான 'ஸொரி'யாக நிற்கிறது. அமெரிக்கர்கள் அதை மறுபடியும் 'ஸாரி' பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். நாமும் 'சாரி' என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் பிரிட்டிஷ் ஒலிக்குப் பக்கத்தில் நின்று 'சொறி' என்று சொல்வார்கள், அப்படியே எழுதவும் செய்வார்கள். சொறி என்றால் தமிழில் தோலில் வருவது. இரண்டு சொல்லுக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் சாரியின் வேரே புண் என்று தெரிந்த பிறகு அந்த எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ' என்ற சொல்லிலிருந்துதான் சாரி வந்தது என்று நினைப்பார்கள். ஒலியும் ஒன்று, பொருளும் பக்கம் பக்கம், யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. சாரோவின் வேர் 'ஸோர்க்' என்ற பழஞ்சொல். அதன் உறவுக்காரச் சொல் ஜெர்மனில் 'ஸோர்கெ', கவலை என்று பொருள். இரண்டும் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்ததில் சாரியின் உச்சரிப்பும் பொருளும் சாரோவின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன என்பது உண்மை. ரத்த உறவு மட்டும் இல்லை.

சாரியின் உண்மையான சொந்தத்தை ஜெர்மனில் தேடினால் 'ஸேர்' என்ற சொல்லில் போய் நிற்போம். இன்று அதற்கு 'மிகவும்' என்றுதான் பொருள். 'மிகவும் நன்றி', 'மிகவும் அழகு' என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். ஒரு காலத்தில் அதுவும் 'வலியோடு' என்ற பொருளில்தான் இருந்தது. வலியைக் குறித்த சொல் எப்படி 'மிகவும்' ஆகும் என்று கேட்கலாம். 'பயங்கரமா நல்லா இருக்கு' என்று நாம் சொல்வதில்லையா? பயமா அங்கே இருக்கிறது? கடுமையான சொல் எதுவும் கொஞ்ச காலம் புழங்கினால் வெறும் அளவைச் சொல்லும் சொல்லாகத் தேய்ந்துவிடும். ஆங்கிலத்திலேயே 'சோர்லி மிஸ்டு' என்கிறார்கள். ஒருவர் இல்லாத குறை மிகவும் தெரிகிறது என்று அர்த்தம். அங்கே வலியும் இருக்கிறது, அளவும் இருக்கிறது.

சரி, வலியுள்ளவன் என்ற சொல் மன்னிப்புக்கு எப்படி வந்தது?

இதைப் புரிந்துகொள்ள தமிழ் ஒன்றே போதும். தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நடுவில் அது வந்து நின்றால் வீடே 'ச்சே' என்று சொல்லும். அந்த வரியை உற்றுப் பாருங்கள். எங்களை மன்னியுங்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனாலும் அதை மன்னிப்பாகத்தான் எடுத்துக்கொண்டோம். இன்றும் ரயில் தாமதமானால் 'அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்' என்று ஒலிபெருக்கி சொல்வது அதே கணக்கு. உனக்கு ஒரு கெடுதல் நடந்தது, அதனால் எனக்கு வலிக்கிறது. அந்தக் கெடுதல் என்னால் நடந்திருந்தால் அந்த வலியைச் சொல்வதே மன்னிப்பு கேட்பதாகிவிடுகிறது. நான் காரணமில்லை என்றால் அதே வலி ஆறுதலாகிறது. சாரி செய்வதும் இதைத்தான். சொல் ஒன்று, வலி ஒன்று. காரணம் யார் என்பதை வைத்து அது மன்னிப்பா, ஆறுதலா என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார்.

தமிழில் நமக்கு இன்னும் சில வழிகள் உண்டு. 'மன்னிச்சிடுங்க' என்றால் எதிரில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறோம். கொடுப்பதும் மறுப்பதும் அவர் கையில். 'பொறுத்துக்குங்க' என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொறுப்பது என்றால் பாரத்தைத் தாங்குவது. நான் செய்ததன் பாரத்தை நீங்கள் தாங்குங்கள் என்று அதற்குப் பொருள். 'மனசு புண்பட்டிருந்தா' என்று தொடங்கும் பேச்சில் புண் எதிராளிக்கு. சாரியில் மட்டும் புண் சொல்கிறவருக்கு. 'ஐ ஆம் சாரி' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'நான் புண்பட்டிருக்கிறேன்' என்றுதான் வரும். எதிராளியிடம் அது எதையும் கேட்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகள் பேச்சிலிருந்து பெரியவர்கள் மின்னஞ்சல் வரைக்கும் நாம் விடுகிற ஒரு பிழைக்குக் காரணமும் இதுதான். நான்காம் வகுப்பு வாசலில் நின்றால் இந்தப் பஞ்சாயத்தை எந்த நாளும் கேட்கலாம்.

"மிஸ், இவன் என் பென்சில் பாக்ஸைத் தள்ளி விட்டுட்டான். சாரியே கேக்கல மிஸ்."

"சாரி கேளுடா அவன்கிட்ட."

"நான் அப்பவே கேட்டுட்டேன் மிஸ்!"

தமிழில் இது சுத்தமான பேச்சு. மன்னிப்பு கேட்பதுதானே வழக்கம், அந்தப் பழக்கத்தில் சாரியையும் கேட்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் 'ஐ ஆஸ்க்டு சாரி' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சாரியைக் கேட்க முடியாது, சொல்லத்தான் முடியும். 'ஐ செட் சாரி' என்பதே சரி. காரணம் எளிது. மன்னிப்பு ஒரு பொருள் மாதிரி, கேட்டு வாங்கலாம். சாரி ஒருவரின் நிலையைச் சொல்லும் சொல். ஹேப்பி, டயர்டு, ஆங்ரி என்ற வரிசையில் உட்காரும் உரிச்சொல். 'ஐ ஆஸ்க்டு ஹேப்பி' என்று யாரும் சொல்ல மாட்டோம் இல்லையா? சாரிக்கும் அதே விதி. 'மை சாரி', 'கிவ் ஹிம் எ சாரி' எல்லாம் அதனால்தான் காதில் இடறுகின்றன. தனியாக 'சாரி' என்று மட்டும் சொல்வதும் 'ஐ ஆம் சாரி' என்ற முழு வாக்கியத்தின் சுருக்கம்தான். அந்தச் சுருக்கம் பழக்கத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். சொல்லின் வயதைப் பார்த்தால் அது நேற்று.

அடுத்தது, சாரிக்குப் பின்னால் என்ன போடுவது. தாமதமாக வந்துவிட்டு 'சாரி ஃபார் லேட்' என்று சொல்லாதவர் நம்மில் குறைவு. லேட் என்பது உரிச்சொல், ஃபார் பின்னால் அது தனியாக நிற்காது. 'சாரி ஐ ஆம் லேட்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், அதுதான் இயல்பாகவும் இருக்கும். கொஞ்சம் முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'சாரி ஃபார் பீயிங் லேட்'. செய்த காரியத்துக்கு ஃபார் போட்டு 'இங்' வினை வரும். செய்யப்போகிற காரியத்துக்கு, அல்லது செய்துகொண்டிருக்கும்போதே சொல்வதற்கு, 'டு' வரும். மேலதிகாரி அறைக்குள் தலையை நீட்டிக்கொண்டே சொல்வது 'சாரி டு டிஸ்டர்ப் யூ'. பேசி முடித்துக் கிளம்பும்போது சொல்வது 'சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ'. நடந்த ஒரு விஷயத்தைப் பொதுவாகச் சுட்ட 'அபௌட்' வரும். மேசையில் காபி கொட்டிவிட்டது, 'சாரி அபௌட் தட்'. கெட்ட செய்தி காதில் விழுந்தால் 'சாரி டு ஹியர் தட்'. உடம்பு சரியில்லை, வேலை போய்விட்டது, வீட்டில் பிரச்சினை என்று யாராவது சொல்லும்போது இந்த ஒரு வரி போதும். அதில் மன்னிப்பு துளியும் கிடையாது. 'கேட்கவே கஷ்டமா இருக்குங்க' என்று நாம் சொல்வோமே, அதேதான்.

ஒரு எச்சரிக்கை. ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் 'ஐ ஃபீல் சாரி ஃபார் யூ' என்று சொல்லிவிடாதீர்கள். அகராதியைப் பார்த்தால் தப்பாகத் தெரியாது. ஆனால் கேட்பவருக்கு அது 'உன்னைப் பார்த்தா பரிதாபமா இருக்கு' என்று இறங்கும். மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்லலாம். 'ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்' என்றால், 'பாவம், அவன்' என்று அர்த்தம். முகத்துக்கு நேரே சொன்னால், அதுவும் கோபமான பேச்சின் நடுவில் சொன்னால், அவமானம்தான். துக்க வீட்டுக்கு எழுதுகிற கடிதத்தில் 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று சொல்தான் வித்தியாசம். ஒன்று பக்கத்தில் வந்து உட்காருகிறது. மற்றது மேலே நின்று குனிந்து பார்க்கிறது.

இந்தப் 'பாவம்' என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்றால், அதுவும் பழைய சரக்குதான். வலியுள்ளவன் என்ற பொருள் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பரிதாபத்துக்குரியது, மட்டமானது என்றும் விரிந்தது. இன்றும் சாரியைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போட்டால் அந்தப் பொருள்தான் வரும். 'எ சாரி ஸ்டேட்' என்றால் பரிதாபமான நிலைமை. கூரை ஒழுகும் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆங்கிலச் செய்தித்தாள் 'சாரி ஸ்டேட்' என்று எழுதினால், பள்ளிக்கூடம் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லை. 'எ சாரி எக்ஸ்க்யூஸ்' என்றால் ஒப்புக்கொள்ளவே முடியாத சாக்கு.

இன்னொன்று, கேள்விக்குறி போட்ட சாரி. எதிரில் பேசுபவர் சொன்னது காதில் சரியாக விழவில்லையா? குரலைக் கடைசியில் உயர்த்தி "சாரி?" என்றால் போதும், அவர் திரும்பச் சொல்வார். பிரிட்டிஷ்காரர்களிடம் இது மிகச் சாதாரணம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டு, எதற்கு இவர் மன்னிப்பு கேட்கிறார் என்று குழம்பி, பதிலுக்கு 'இட்ஸ் ஓகே' என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் 'என்ன சொன்னீங்க?' என்கிறார், அவ்வளவுதான். பேசும்போதே வாய் தவறிவிட்டால் திருத்தவும் இதையே போடுவார்கள். செவ்வாய்க்கிழமை, சாரி, புதன்கிழமை என்று.

கூட்டத்தில் வழி கேட்க 'எக்ஸ்க்யூஸ் மீ', இடித்துவிட்டால் 'சாரி'. செய்வதற்கு முன்னால் ஒன்று, செய்த பின்னால் மற்றது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது. லண்டன் ரயிலில் உங்கள் காலை ஒருவர் மிதித்தால் அவரும் சாரி சொல்வார், மிதிபட்ட நீங்களும் சொல்வதை எதிர்பார்ப்பார்கள். முதலில் எனக்கு இது விசித்திரமாகத்தான் இருந்தது. மிதிபட்டவன் எதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும்? வேரை வைத்துப் பார்த்தால் விசித்திரம் இல்லை. இருவருக்கும் ஒரு சங்கடம் நேர்ந்தது, இருவரும் அதற்கு வருந்துகிறார்கள்.

இந்த இரட்டைப் பொருள் காலை மிதிக்கும் அளவில் இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. நாடுகளுக்கு நடுவில் வந்தபோது என்ன ஆனது என்பதற்கு 2001இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி, தென்சீனக் கடலின் மேல் அமெரிக்கக் கடற்படையின் உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் கடலில் விழுந்தார், கிடைக்கவில்லை. அடிபட்ட அமெரிக்க விமானம் அனுமதி கிடைக்காமலேயே சீனாவின் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனா பிடித்து வைத்துக்கொண்டது. மன்னிப்பு கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. தப்பு எங்கள்மேல் இல்லை, மன்னிப்பு கிடையாது என்றது அமெரிக்கா. 11 நாள் இழுபறி.

முடிச்சை அவிழ்த்தது சாரிதான். அமெரிக்கத் தூதர் கொடுத்த கடிதத்தில் இரண்டு இடங்களில் 'வெரி சாரி' இருந்தது. சீன மக்களுக்கும் வாங் வெய்யின் குடும்பத்துக்கும் நேர்ந்த இழப்புக்கு ஒரு வெரி சாரி, வாய்மொழி அனுமதியில்லாமல் இறங்கியதற்கு ஒரு வெரி சாரி. சீனா அதைத் தன் மக்களுக்கு மன்னிப்பாகக் காட்டியது. அமெரிக்கா, நாங்கள் வருத்தம் தெரிவித்தோம், மன்னிப்பு கேட்கவில்லை என்றது. ஆங்கிலச் சொல்லின் கணக்கில் இருவர் சொன்னதும் பொய்யில்லை. 24 பேரும் வீடு திரும்பினார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கடிதத்துக்கு 'இரண்டு சாரிக் கடிதம்' என்றே பெயர் நின்றுவிட்டது.

ஆஸ்திரேலியாவின் கதை இதைவிட நீளம், இதைவிடக் கனம். அங்கே 1910 வாக்கில் தொடங்கி 1970 வரை பழங்குடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது. திருடப்பட்ட தலைமுறைகள் என்று அவர்களைச் சொல்கிறார்கள். இதை விசாரித்த அறிக்கை 1997 மே 26 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நாளை மக்கள் 'சாரி நாள்' என்று கடைப்பிடித்தார்கள். 2000 மே 28இல் சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தபோது, மேலே ஒரு விமானம் புகையால் வானத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதியது. சாரி. அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டு மட்டும் அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தார். 1999இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தில் 'ஆழ்ந்த, உளமார்ந்த வருத்தம்' இருந்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் 'ரெக்ரெட்'.

ரெக்ரெட்டும் வருத்தம், சாரியும் வருத்தம், அப்புறம் ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். ரெக்ரெட்டைத் தள்ளி நின்று சொல்லிவிட முடியும். நடந்தது நடந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் சொன்னதும் 'டீப்லி ரெக்ரெட்'தான். மன்னிப்பு வரவில்லை என்று இந்தியாவில் பலருக்கும் மனக்குறை. அலுவலகக் கடிதங்களில் 'வீ ரெக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று வந்தால் வேலை கிடைக்கவில்லை என்று நமக்குத் தெரியும். எழுதியவருக்கு அதில் வலி எதுவும் இருக்க வேண்டியதில்லை. சாரியைச் சொல்ல வேண்டுமானால் 'நான்' அல்லது 'நாம்' என்று தன்னை உள்ளே வைத்துத்தான் சொல்ல முடியும்.

2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னார். திருடப்பட்ட தலைமுறையினரின் வலிக்கும் துன்பத்துக்கும் சாரி, குடும்பங்களைப் பிரித்ததற்காகத் தாய்மாருக்கும் தந்தையருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் சாரி, ஒரு பெருமைமிக்க மக்களுக்கு இழைத்த இழிவுக்குச் சாரி என்று அடுத்தடுத்து மூன்று முறை. பார்வையாளர் பகுதியில் இருந்த முதியவர்கள் அழுதார்கள்.

அந்த மக்களின் ஆங்கிலத்தில் சாரிக்கு ஏற்கெனவே ஒரு கனமான இடம் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியப் பழங்குடியினர், ஒரு சாவு நேர்ந்தால் அதற்கான துக்கச் சடங்குகளை 'சாரி பிசினஸ்' என்று சொல்கிறார்கள். இங்கே பிசினஸ் என்றால் வியாபாரம் இல்லை, செய்ய வேண்டிய காரியம். நாம் 'காரியம்' என்று சொல்வோமே, அப்படியே. யாராவது இறந்தால் தூரத்திலிருந்தும் உறவுகள் வந்து கூடுவார்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைக் குறிப்பிட்ட காலம்வரை உச்சரிக்க மாட்டார்கள். வேலைக்கு வராதவர் 'சாரி பிசினஸுக்குப் போயிருக்கிறார்' என்றால் கேள்வி கிடையாது. இங்கிலாந்துக்காரர்களே மன்னிப்பாகத் தேய்த்துவிட்ட சொல்லை, அதன் ஆயிரம் ஆண்டுப் பழைய பொருளோடு, வலியோடு, அவர்களிடம் ஆங்கிலம் கற்ற ஒரு மக்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் 'ரெக்ரெட்' என்று சொன்னால் எப்படிப் போதும்?

சட்டமும் இந்தச் சொல்லிடம் வந்து திணறியிருக்கிறது. அறுவை சிகிச்சையில் நோயாளி இறந்துவிட்டார் என்று வையுங்கள். வெளியே வரும் மருத்துவருக்கு அந்தக் குடும்பத்திடம் 'ஐ ஆம் சாரி' என்று சொல்லத் தோன்றும். சொன்னால், தப்பை ஒப்புக்கொண்டார் என்று நாளைக்கு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நிற்பாரோ என்று பயம். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டு போனார்கள். குடும்பத்துக்கு அந்த மௌனம் இன்னொரு அடி. இதுபோன்ற பயத்துக்கு வழி தேடி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விபத்துகளின்போது அனுதாபமாகச் சொல்லும் சொல்லைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது. கனடாவின் ஒன்டாரியோ 2009இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. ஒருவர் சாரி சொன்னார் என்பதை மட்டும் வைத்து அவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பது அதன் சாரம். மனிதர் மனிதருக்கு ஆறுதல் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது நல்ல சட்டம்.

'அப்பாலஜி' என்ற சொல்லையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். சாரியைவிட முறையான சொல், தவறை ஏற்றுக்கொள்ளும் சொல் என்று இன்று பெயர். ஆனால் அதன் கிரேக்க வேருக்கு 'எதிர்வாதம்' என்றுதான் பொருள். கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் பேசியதற்கு ஆங்கிலத்தில் அப்பாலஜி என்றே பெயர், அதில் அவர் எதற்கும் மன்னிப்பு கேட்கவில்லை. இன்றைய வழக்கில், உங்கள்மேல் உண்மையிலேயே தவறு இருந்து, அதை எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் 'ஐ அப்பாலஜைஸ்' என்று எழுதுங்கள். துக்க வீட்டுக்கு அதை எழுதிவிடாதீர்கள். அங்கே சாரிக்கு மட்டும்தான் இடம்.

சாரி சொன்ன பிறகு அடுத்து வரும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'சாரி, பட்' என்று தொடங்கினால் கேட்பவர் காதில் 'பட்'டுக்குப் பின்னால் வருவது மட்டும்தான் விழும். 'சாரி இஃப் யூ ஃபெல்ட் பேட்' என்பதும் அப்படித்தான். உனக்கு வருத்தமாக இருந்திருந்தால் என்று 'இருந்தால்' போட்டுவிட்டால், இருந்ததா இல்லையா என்று நிரூபிக்கிற வேலை அடிபட்டவர் தலையில் விழுகிறது. என் கருத்தில், செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதே நல்ல சாரி. 'மீட்டிங்கில் உங்கள் பேச்சை வெட்டிவிட்டேன், சாரி.' அவ்வளவு போதும்.

இனி, யாராவது உங்களிடம் சாரி சொன்னால் என்ன பதில் சொல்வது? காலை மிதித்தவரிடம் 'நோ ப்ராப்ளம்', 'தட்ஸ் ஓகே' எதையும் சொல்லலாம், திருப்பிச் சாரியும் சொல்லலாம். தவறு செய்துவிட்டு வந்து நிற்பவரிடம், மன்னிக்க மனம் இருந்தால் 'தட்ஸ் ஆல்ரைட்'. கேள்விக்குறி போட்ட சாரிக்குச் சொன்னதையே கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு சாவு விழுந்து, தூரத்து நாட்டிலிருந்து ஒருவர் 'ஐ ஆம் ஸோ சாரி' என்றால், 'தேங்க் யூ' என்று சொல்லுங்கள். குரல் வந்தால் 'ஹீ வாஸ் எ குட் மேன்' என்று இன்னொரு வரியும் சொல்லலாம். எப்படிப்பட்டவர் என்று அவரே கேட்பார்.